அரிக்கொம்பனும் நாமும்

ஆறறிவு படைத்தவர் என்னும் பெருமிதம் நம் அனைவர்க்கும் உண்டு. ஆயினும், பசி, பாசம், பழகிய மண்ணின்மீது பற்று ஆகிய மூன்றிலும் நமக்கும் விலங்கிற்கும் இடையேயுள்ள தொலைவு நாம் எண்ணுவதினும் குறைவே. கேரளத்து எல்லைமலைகளில் அண்மையில் நிகழ்ந்தவை இதற்குச் சான்றாகும்.

நம் முன்னோர் இவ்வுறவை உணர்ந்திருந்தனர். யானைக்கன்றைக் 'குழவி' என்று வழங்கலாம் எனத் தொல்காப்பிய மரபியல் கூறுகிறது. மனிதக் குழந்தைக்கும் அப்பெயரையே தருகிறது. யானையின் குடும்ப வாழ்வை நோக்குவார்க்கு இப்பெயர்ப் பொருத்தம் வியப்பளிக்காது. மூத்த பிடி ஒன்றே கூட்டத்தை நடத்திச் செல்கிறது. தாயோடு சிற்றன்னையரும் சேர்ந்து கன்றைப் பேணுகின்றனர். ஆண் கன்றோ பருவமெய்தியதும் கூட்டத்தைப் பிரிந்து தன் வழி தேடிப் புறப்படுகிறது. தகரப்பெட்டியுடன் புகைவண்டி ஏறிய நம்மவர்க்கு இக்காட்சி புதிதன்று.

இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானல் மலையில் அவ்வாறு தனித்துத் திரிந்த களிறு ஒன்று, நியாயவிலைக் கடையை இடித்து அரிசி தின்னப் பழகியது. மலையாளத்தில் 'அரி' என்றால் அரிசி. ஆதலின் அதற்கு அரிக்கொம்பன் என்று பெயராயிற்று. அவனுக்கு அஞ்சி உறக்கமின்றிக் கிடந்த தோட்டத் தொழிலாளர் துயரம் சிறிதன்று. எனினும், யானைகள் இறங்கி நீருண்ட இடமாதலின் ஆனையிறங்கல் எனப் பெயர்பெற்ற பள்ளத்தாக்கு இன்று அணைநீரில் மூழ்கிக் கிடக்கிறது; காடு தேயிலைத் தோட்டமாகிவிட்டது; யானைத்தடத்தில் வீடுகள் எழுந்துள்ளன. யார் இடத்திற்கு யார் வந்தனர் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவனைப் பாலக்காட்டு மாவட்டத்துப் பறம்பிக்குளத்தில் விடலாம் என்றபோது, அப்பகுதி மக்கள் கூடாதென்று போராடினர். புதிதாய் வருவோனைக் கண்டு ஊர் அஞ்சுவதும் மனித இயல்பே. புலம்பெயர்ந்த நாம் அதனை நன்கறிவோம். முடிவில் 2023 ஏப்ரல் 29 அன்று, நான்கு கும்கி யானைகளின் துணையுடன் அவனைப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டனர். ஒரு திங்கள் நிறையுமுன் மலைகடந்து தேனி மாவட்டத்துக் கம்பம் நகரின் தெருவில் வந்து நின்றான். அங்கு அவன் எதிர்ப்பட்ட ஒருவர் காயமுற்றுப் பின் உயிரிழந்தார். ஜூன் 5 அன்று மீண்டும் பிடிபட்டுக் களக்காடு முண்டந்துறைக் காட்டிற்குச் சென்றான். பிறந்த மலையை நாடியே வந்தான் என்று பலர் கருதினர். அவன் உள்ளத்தை யாரே அறிவார்? ஆயினும், ஊர்நினைவால் உறங்காத இரவுகள் நமக்கும் உண்டன்றோ!

பாலக்காட்டு நிகழ்ச்சியோ நெஞ்சைப் பிளப்பது. மண்ணார்க்காட்டுப் பகுதியில், வெடிமருந்து வைத்த காயைக் கடித்த பிடி ஒன்று வாய் சிதைந்து, வெள்ளியாற்று நீரில் வாயை ஆழ்த்தியபடி நின்று, 2020 மே 27 அன்று உயிர் நீத்தது. அது கருவுற்றிருந்ததைப் பின்னரே மருத்துவர் கண்டனர். பசிக்கு அரிசி தேடியதை விலங்குத்தனம் என்கிறோம். பசிக்கும் உணவில் வெடி வைத்ததை என்னென்பது?

நம் ஆறாவது அறிவு நற்பணி செய்யும் இடமும் இல்லாமலில்லை. பறம்பிக்குளத்தை அடுத்த வால்பாறையில், யானை அணுகுவதைத் தொலைபேசியில் தமிழ்ச் செய்தியாகவும் சிவப்பு விளக்காலும் மக்களுக்கு அறிவிக்கின்றனர். முன்னரே அறிந்தவர் ஒதுங்கிச் செல்கின்றனர். யானையும் தன் வழியே செல்கிறது. மனித உயிரிழப்பும் குறைந்துள்ளது.

வேற்றூரில் நாம் வேண்டுவதும் இதுவே: அஞ்சாது நடக்க ஒரு வழி, பசியாற ஒரு பிடி சோறு, கூடி வாழ ஒரு சுற்றம். நமக்கு வேண்டியதை யானைக்கும் வேண்டுமென்று உணர்வதே ஆறறிவிற்கு அழகாகும்.