டிராக்டர் தார் ரோட்டில் ஏறும்போது

(வானொலி உரை)

வழக்கமாக விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிறவன் நான். இன்றைக்கு ரோட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். "இது போலீஸ்காரர் பேச வேண்டிய விஷயமாச்சே, வேளாண்மை அலுவலருக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். இருக்குதுங்க. சேலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல் வழியாகக் கரூர் போகும் நாலுவழிச் சாலை நம் காடுகளுக்கு நடுவிலேதான் போகிறது. வீடு ஒரு பக்கம், காடு மறுபக்கம் என்று இருக்கிற குடும்பங்கள் எத்தனையோ. சேகோ பேக்டரிக்குப் போகும் குச்சிக்கிழங்கு லோடும், மோகனூர் ஆலைக்குப் போகும் கரும்பு லோடும், சொசைட்டிக்குப் போகும் பால் கேனும், ஊர் ஊராகப் போகும் லாரிகளும் ஒரே ரோட்டில்தான் ஓடியாக வேண்டும்.

சொந்த அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்பு, தை மாதம், பொழுது சாயும் நேரம். ராசிபுரம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய்விட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவு தாண்டியதும், பாதி ரோட்டை அடைத்துக் கொள்ளுச்செடி பரப்பியிருந்தது. பிரேக் பிடித்தேன். வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. கீழே விழுந்து காறை எலும்பு முறிந்துபோயிற்று. ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கொள்ளு 'பையூர் 2' ரகம். அந்த விவசாயியைப் போடச் சொன்னதே நான்தான்!

நல்ல மனுஷர், பதறிப்போய் ஓடி வந்தார். வந்தவர் என்ன செய்தார்? இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கி நிறுத்திவிட்டார். முறிந்த எலும்பு எப்படி இருந்திருக்கும்! பிறகு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். அன்பாகச் செய்ததுதான். ஆனால் இரண்டும் தவறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ரோட்டில் காயப்போடுவது. காய்ந்த தட்டு டயருக்கு அடியில் உருளும். கொள்ளு, எள்ளு, உளுந்து மணிகள் சைக்கிள் பால்ரஸ் மாதிரி. டயர் தாரைத் தொட்டால்தானே பிரேக் பிடிக்கும்? கார் அடியில் தட்டு சுற்றிக்கொண்டு, புகைக்குழாய்ச் சூட்டில் தீப்பிடிப்பதும் உண்டு. அடித்துக் கொடுக்கும் கூலி மிச்சம் என்று நினைக்கிறோம். மணி உடைகிறது, கல்லும் ஆயிலும் கலக்கிறது, மண்டியில் விலை குறைகிறது. யாராவது விழுந்து இறந்தால் பரப்பினவர் பேரில் வழக்கு வரலாம். பஞ்சாயத்தில் உலர்களம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாத ஊரில் நாலு பேர் சேர்ந்து கிராம சபையில் எழுதிக் கொடுங்கள். கதிரடிக்கும் இயந்திரம் வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்குக் கிடைக்கிறதா, தார்ப்பாய்க்கு மானியம் இருக்கிறதா என்பதை உதவி வேளாண்மை அலுவலரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இரவு நேர டிரெய்லர். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நம் டிராக்டர் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பின்னால் வருகிற வண்டி 80-ல் வருகிறது. இடைவெளி மணிக்கு 60 கிலோமீட்டர் வீதம் குறைகிறது. அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். டிம் லைட்டில் இருட்டான பொருள் நாற்பது, ஐம்பது மீட்டரில்தான் கண்ணுக்குப் படும். ஆக அந்த டிரைவருக்குக் கிடைப்பது மூன்றே விநாடி. முன்னால் இருப்பது என்ன என்று புரிந்து கால் பிரேக்குக்குப் போகவே ஒரு விநாடி ஓடிவிடும். பாரம் ஏற்றிய லாரி மீதி இரண்டு விநாடியில் அடங்குமா என்பது சந்தேகம்தான். நம் டிரெய்லர் பஞ்சராகி நின்றுகொண்டிருந்தால் இன்னும் மோசம்.

எங்கள் தாத்தா காலத்தில் கட்டை வண்டிக்கு அச்சுக்குக் கீழே அரிக்கேன் விளக்குத் தொங்கும். அவர்கள் விவரம் தெரிந்தவர்கள். இன்றைக்கு 40 குதிரைச் சக்தி டிராக்டர் வாங்குகிறோம், பின்னால் ஐம்பது ரூபாய் சாமான் இல்லை. ராத்திரி கட்டுத்தறியில் டார்ச் அடித்தால் மாட்டின் கண் பளிச்சென்று மின்னுகிறதல்லவா? வந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் அப்படித் தெரிகிறது. ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் இதே வேலையைத்தான் செய்கிறது. சாலை நடுவே மின்னுகிற குமிழ்களை 1934-ல் இங்கிலாந்தில் பெர்சி ஷா என்பவர் செய்தபோது அதற்குப் 'பூனைக்கண்' என்றே பேர் வந்தது. டிரெய்லருக்குப் பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பின்பலகையின் இரண்டு ஓரத்திலும் ஒட்டினால்தான் அகலம் தெரியும். ஒட்டினால் மட்டும் போதாது. செம்மண் படிந்தால் மின்னாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கரும்புத் தோகை தொங்கி மூடிவிடாமலும் பார்க்க வேண்டும். சிவப்புத் துணி கட்டுவது பகலுக்குத்தான். இருட்டில் சிவப்பும் கறுப்பும் ஒன்றே.

இன்னொன்று. உழவுக்கென்று டிராக்டரின் பின்னால் இருக்கும் வெள்ளை விளக்கைப் போட்டுக்கொண்டே ரோட்டில் போகிறார்கள். பின்னால் வருகிறவனுக்குக் கண் கூசும். எதிரே வண்டி வருகிறது என்று நினைத்து ஒடித்துவிடுவான். அதை அணைத்துவிடுங்கள்.

பிரேக் விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. டிராக்டருக்கு இடது, வலது என்று இரண்டு பிரேக் பெடல் உண்டு. காட்டில் திருப்புவதற்கு ஒன்றை மட்டும் மிதிப்போம். ரோட்டில் ஏறுமுன் இரண்டையும் சேர்க்கும் கொக்கியைப் போட்டாக வேண்டும். வேகத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் டிராக்டர் சுழன்று கவிழும். கொக்கி தேய்ந்து உடைந்திருந்தால் மெக்கானிக்கிடம் மாற்றுங்கள்; கம்பி கட்டி ஓட்டாதீர்கள்.

மட்கார்டில் உட்கார்ந்து போவதும், லோடுக்கு மேலே ஆள் ஏற்றுவதும் வேண்டவே வேண்டாம். டிரெய்லரில் போன கூலி ஆட்களுக்கு அடிபட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்கும்; நஷ்டஈடு உரிமையாளர் தலையில் விழும், காடு விற்றுக் கட்ட வேண்டிவரும். பள்ளிக்கூடம் போகும் பையன் கையில் ஸ்டியரிங் கொடுத்தால், 2019 சட்டத் திருத்தப்படி 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் பெற்றோருக்கு அல்லது உரிமையாளருக்கு.

இனி, விபத்து நடந்துவிட்டால். முதலில் வண்டி எஞ்சினை அணைத்து, பின்னால் வருகிறவர்களை ஒருவர் தூரத்திலேயே நிறுத்த வேண்டும். கல், மரக்கிளை அடையாளம் வைத்தால் வேலை முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். அந்தக் கல்லே அடுத்த விபத்துக்குக் காரணமாகிறது. 108-க்குப் போன் செய்யுங்கள். 2008-லிருந்து நம் மாநிலத்தில் ஓடும் இந்த வண்டிக்குக் கட்டணம் கிடையாது. ரோடு, கிலோமீட்டர் கல், பக்கத்து ஊர், எத்தனை பேருக்கு அடி என்பதைச் சொல்லுங்கள்.

அடிபட்டவரை உட்கார வைக்காதீர்கள், தூக்கி நிறுத்தாதீர்கள். கழுத்து, முதுகெலும்பில் அடி இருந்தால் நாம் தூக்குவதே கை கால் விளங்காமல் செய்துவிடும். தீயோ வேறு ஆபத்தோ இருந்தால் மட்டும், மூன்று நாலு பேர் சேர்ந்து தலையும் உடம்பும் ஒரே நேராக இருக்கும்படி பலகையில் நகர்த்தலாம். இரத்தம் கொட்டினால் சுத்தமான துண்டை மடித்து அழுத்திப் பிடியுங்கள். நின்றதா என்று எடுத்துப் பார்க்காதீர்கள். நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. தண்ணீர், சோடா கொடுக்கக் கூடாது. நினைவில்லாதவருக்கு மூச்சுக்குழாயில் போகும், ஆபரேஷன் வேண்டியவருக்கு மயக்க மருந்து கொடுப்பதில் சிக்கல் வரும். நினைவில்லாமல் மூச்சு மட்டும் இருந்து வாந்தி வந்தால், தலையையும் உடம்பையும் சேர்த்தே ஒருக்களித்துத் திருப்புங்கள்.

தலையில் அடிபட்டு, "ஒண்ணுமில்லீங்க" என்று எழுந்து வீட்டுக்குப் போகிறவரைத்தான் எனக்கு ரொம்பப் பயம். சில மணி நேரம் கழித்து வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குளறல் வரும். உள்ளே இரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். தூங்கட்டும் என்று விடாதீர்கள்.

"தொட்டால் கேஸில் மாட்டிக்கொள்வோம்" என்ற பயம் இனித் தேவையில்லை. 2016 மார்ச் 30-ல் உச்ச நீதிமன்றம் உதவி செய்பவர்களைக் காக்கும் நெறிமுறைகளுக்கு ஒப்புதல் கொடுத்தது. 2019-ல் அது சட்டத்திலேயே வந்துவிட்டது. பேர் சொல்லச் சொல்லி யாரும் வற்புறுத்த முடியாது. பணத்துக்கும் தயங்க வேண்டாம். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கியது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அங்கீகரித்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். எந்த அட்டையும் வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். போலீசுக்குப் பயந்து அப்படிச் சொல்லி, பிறகு நஷ்டஈட்டு வழக்கில் நிற்க முடியாமல் போனவர்கள் உண்டு. ரோட்டு விபத்து என்றே பதிவாகட்டும். முதல் தகவல் அறிக்கை நகல், காயச் சான்று, பில் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க ஆறு மாதம் தாண்ட விடாதீர்கள். கட்டிலருகே வந்து கமிஷன் பேசும் புரோக்கரை விட, நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டால் கதி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல், அடையாளம் தெரியாத வண்டி மோதி இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் அலுவலகத்தில் விசாரித்து மனுக் கொடுக்க வேண்டும்.