நான்கு மீட்டருக்குள் ஒரு கச்சேரி

இரண்டு பேரைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, ஒருவர் கைதட்டுவது மற்றவருக்கு ஹெட்போனில் கேட்கும்படி செய்தார்கள். இருவரும் சேர்ந்து ஓர் எளிய தாளத்தைத் தட்ட வேண்டும். நடுவில் இருந்த கணினி, ஒலியைக் கொஞ்சம் தாமதப்படுத்தி அனுப்பும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இசையமைப்பாளர் கிரிஸ் சேஃபும் அவருடைய குழுவினரும் செய்து, 2004இல் வெளியிட்ட சோதனை இது. தாமதம் கூடக்கூடத் தாளம் இழுத்துக்கொண்டே போனது. இது எதிர்பார்த்ததுதான். ஆனால் தாமதத்தை மிகவும் குறைத்தபோது, தட்டியவர்கள் தம்மை அறியாமலே ஓட ஆரம்பித்தார்கள். ஓடாமலும் இழுக்காமலும் தாளம் நிலைத்து நின்ற இடம் சுமார் 11.5 மில்லி விநாடி.

மலேசியாவின் வெதுவெதுப்பான காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 348 மீட்டர் போகும். அந்த 11.5 மில்லி விநாடியில் அது கடப்பது நான்கே மீட்டர்.

நான்கு மீட்டர் என்பது மேடையின் அளவு அல்ல, வீட்டின் அளவு. நெகிரி செம்பிலானில், சிரம்பானுக்குத் தெற்கே உள்ள ரந்தாவ் வட்டாரத்தில் லின்சம், சிலியாவ் என்று பால்மரத் தோட்டங்கள் இருந்தன. பிறகு அவற்றில் பெரும்பகுதி செம்பனைக்கு மாறியது. அங்கே லயத்து வீட்டின் முன்பக்க அஞ்சடியில் பாய் விரித்து, ஒருவர் ஆர்மோனியத்தோடு சுவரோரம் உட்கார, மற்றவர்கள் அரைவட்டமாகச் சூழ்ந்துகொண்டால், கடைசி ஆளுக்கும் ஆர்மோனியத்துக்கும் இடையே அதே நான்கு மீட்டர்தான் தேறும். மார்கழி பஜனையானாலும் டிசம்பர் மாதத்துக் கேரல் ஒத்திகையானாலும் இருக்கை அமைப்பு ஒன்றுதான். மைக் இல்லாதது, மேடை இல்லாதது, இடம் பற்றாதது எல்லாம் வறுமையின் கணக்கில் எழுதப்பட்டவை. தாளத்தைப் பொறுத்தவரை அவை சரியான அளவுகள். பெரிய மேடையில் பரந்து உட்காரும் தொழில்முறைக் கலைஞர்கள் ஒருவர் வாசிப்பது மற்றவருக்கு உடனே கேட்க வேண்டுமென்று பக்கத்தில் ஒலிபெருக்கி வைத்துக்கொள்கிறார்கள். அந்தச் செலவில் அவர்கள் வாங்குவது அஞ்சடியின் நெருக்கத்தைத்தான்.

இந்த நெருக்கம் போனால் என்ன ஆகும் என்பதை மலேசியர்கள் 2020இல் நேரில் பார்த்தார்கள். மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. தேவாலயங்களும் கோயில்களும் மூடப்பட்டன. ஜெபக்கூட்டமும் பஜனையும் கைப்பேசித் திரைக்குள் போயின. பேச்சில் சிக்கல் இல்லை. எல்லோரும் சேர்ந்து பாடத் தொடங்கியதும்தான் குழப்பம். இணையத்தில் ஒரு குரல் போய்ச் சேர 150 மில்லி விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றுவழிக் கணக்கில் அது 52 மீட்டர். கால்பந்துத் திடலின் ஒரு கோல் கம்பத்தருகே ஆர்மோனியத்தை வைத்துவிட்டு, நடுக்கோட்டில் நின்று பாடுவது போன்ற நிலை. ஆர்மோனியக்காரர் பாடகருக்காகக் காத்திருப்பார், பாடகர் ஆர்மோனியத்துக்காகக் காத்திருப்பார், பாட்டு சரணத்தை எட்டுவதற்குள் படுத்துவிடும். கடைசியில் பல குடும்பங்கள் கண்டுபிடித்த வழி, ஒருவர் மட்டும் பாட, மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கூடவே முணுமுணுப்பது. அல்லது ஒரு வரியை ஒருவர் பாடி நிறுத்தியபின் மற்றவர்கள் அதைத் திரும்பப் பாடுவது.

இரண்டாவது வழி புதிதல்ல. முன்பாட்டு, பின்பாட்டு என்று நடவு வயலிலிருந்து கும்மி வரை நம் நாட்டுப்புறப் பாட்டின் பாதி இப்படித்தான் இருக்கிறது. தூரம் அதிகமாக இருக்கும் இடத்தில், ஒருவர் முடித்தபின் அடுத்தவர் எடுத்தால் தாமதம் உறுத்தாது. திருவிழா ஊர்வலத்தில் முன்னே போகிறவருக்கும் முப்பது மீட்டர் பின்னே வருகிறவருக்கும் இடையே ஒலி 86 மில்லி விநாடி பிந்துகிறது. சேர்ந்து பாடினால் சிதறும், மாற்றி மாற்றிப் பாடினால் சிதறாது. இந்த வடிவம் நினைவுக்கு உதவத்தான் வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். திறந்த வெளியின் தூரத்துக்கும் அதில் பங்கு இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

தூரத்துக்கு அடுத்தபடியாக ஈரம். மலேசியக் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. தோல் கருவிக்கு இதைவிட மோசமான ஊர் இல்லை. தப்பு மேளத்தின் முகத்தில் இருக்கும் தோல் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரத நார்களால் ஆனது. அந்த நார்கள் நீராவியை உறிஞ்சி ஊதி நீளும். தோல் தளரும், ஒலி தொங்கிப்போகும். அடிக்கப் போகுமுன் காய்ந்த சருகையும் பழைய தாளையும் கொளுத்தி, அந்த நெருப்பில் தப்பைக் காட்டி எடுப்பது இதற்காகத்தான். நெருப்பு நார்களுக்குள் இருக்கும் நீரை விரட்டுகிறது, தோல் சுருங்கி விறைக்கிறது. இதில் ஒரு கடுமையான கணக்கு உண்டு. அதிர்வெண், இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே ஏறும். தப்பின் ஒலியை ஒரு ஸ்தாயி மேலே ஏற்ற வேண்டுமானால் இழுவிசை நான்கு மடங்காக வேண்டும். அந்த அளவுக்குப் போனால் தோல் கிழியும். எனவே காய்ச்சுகிறவர் தேடுவது மிகச் சிறிய ஓர் இடைவெளி. விரலால் தட்டிப் பார்த்து, போதும் என்று அவர் இழுக்கும் அந்தக் கணத்தை எந்த வெப்பமானியும் அவருக்குச் சொல்லவில்லை. அரை மணியில் காற்றின் ஈரம் மறுபடி தோலுக்குள் புகும், மறுபடி நெருப்பு மூட்ட வேண்டும்.

தப்புக்குச் சுருதி கிடையாது என்று அதைத் தாழ்த்திப் பேசுவோர் உண்டு. இறப்பு வீட்டோடு சேர்த்து ஒதுக்கப்பட்ட கருவி வேறு. சுருதி இல்லை என்பது இயற்பியல்படி உண்மைதான். வட்டமான, ஒரே சீரான தோலைத் தட்டினால் அது பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் துடிக்கும். முதல் அதிர்வை 1 என்று கொண்டால், அடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று போகும். வீணைத் தந்தியில் 1, 2, 3, 4 என்று முழு எண்களாக வருகிற ஒழுங்கு இங்கே இல்லை. ஒழுங்கில்லாத கூட்டத்தில் காது ஒரு சுரத்தைப் பிடிக்க முடியாது. மிருதங்கத்தில் மட்டும் எப்படிச் சுரம் பேசுகிறது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டவர் சி.வி. ராமன். அவரும் சிவகாளி குமாரும் 1920இல் நேச்சர் இதழில் எழுதினார்கள், 1934இல் ராமன் விரிவாக விளக்கினார். மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையின் நடுவே பூசியிருக்கும் கரணை என்ற கருஞ்சாந்தின் எடை, தாறுமாறான அந்த அதிர்வெண்களை இழுத்து முழு எண்களுக்கு அருகே கொண்டுவந்து நிறுத்துகிறது. பெயர் தெரியாத கைவினைஞர்கள் எப்போதோ முடித்துவைத்த வேலை அது.

ஆனால் இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சுருதி பேசும் மிருதங்கத்தைப் பாடுகிறவரின் சுருதிக்குச் சேர்த்தாக வேண்டும். பாட்டி ஒரு கட்டையில் எடுத்து, அடுத்த பாட்டைப் பேத்தி ஐந்து கட்டையில் எடுத்தால் வேறு மிருதங்கம் வேண்டும். தப்பு எந்தச் சுரத்தோடும் சண்டை போடாது, ஏனென்றால் அதற்கென்று ஒரு சுரம் இல்லை. யார் எந்தக் கட்டையில் ஆரம்பித்தாலும் அது கூடவே வரும். இன்னார்தான் பாடுவார் என்ற திட்டமே இல்லாத வீட்டுக் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான தாளக் கருவியை ஆய்வகத்தில் வடிவமைக்கச் சொன்னாலும் கிடைக்காது.

உறுமி வேறு வகை. அதன் ஒரு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தி இழுக்கிறார்கள். குச்சி தோலில் ஒட்டிக்கொள்ளும், தோல் கூடவே இழுபடும், இழுவிசை உராய்வை மீறியதும் வழுக்கித் திரும்பும், உடனே மறுபடி ஒட்டும். விநாடிக்குப் பல முறை நடக்கும் இந்த ஒட்டலும் வழுக்கலும்தான் அந்த உறுமல். வயலினில் வில் செய்வதும் இதே வேலைதான். மலேசியாவில் இன்று இளைஞர்கள் குழு குழுவாக உறுமி மேளம் வாசிக்கிறார்கள். தைப்பூசத்தில் காவடிக்கு முன் போகும் அந்த உறுமலுக்குள் இருப்பது வயலின் இயற்பியல்.

தோல் கருவிகள் ஈரத்துக்கு மசிவதுபோல் மசியாத கருவி ஆர்மோனியம். அதன் சுரத்தைத் தீர்மானிப்பது பித்தளை நாக்கின் நீளமும் தடிப்பும். மழைக்காலமென்று அது தொங்காது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாதது அதன் குறை. கமகம் இல்லாத பெட்டி என்று அகில இந்திய வானொலி 1940 முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதை ஒலிபரப்பிலிருந்து விலக்கிவைத்தது. தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளோ ராகத்தில் பிறந்தவை. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) எழுதியவை கர்நாடக மரபில் அமைந்தவை. அதே தஞ்சையில் வாழ்ந்து, கிறிஸ்தவக் கீர்த்தனைகளும் எழுதிய ஆபிரகாம் பண்டிதர், 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகர’த்தில் சுருதிகளின் கணக்கை விரிவாக ஆராய்ந்தவர். இவ்வளவு நுட்பமான சுரங்களைப் பன்னிரண்டு கட்டைப் பெட்டியோடு சேர்த்துப் பாடினால் உரச வேண்டாமா? தனிக்குரலில் உரசும். இருபது பேர் பாடும்போது உரசல் கரைந்துபோகிறது.

அதற்குக் காரணம் விம்மல். ஒருவர் 220 ஹெர்ட்ஸில் பாட, பக்கத்தில் இருப்பவர் 222இல் பாடினால், இரண்டும் சேர்ந்து விநாடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். இருபது குரல்கள் இப்படி ஆளுக்குக் கொஞ்சம் விலகினால், விம்மல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து எதுவும் தனியாகத் தெரியாமல் போகிறது. அந்தக் கலக்கத்தைத்தான் காது ‘கூட்டம் பாடுகிறது’ என்று அடையாளம் காண்கிறது. விலகல்கள் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடப்பதால் மொத்தத்தின் சுரம் நடுவில் அமைகிறது. இருபது பேரும் அச்சு அசலாக ஒரே அதிர்வெண்ணில் பாடினால், ஒரே ஆள் சத்தமாகப் பாடுவதுபோல்தான் இருக்கும். அக்கார்டியன் செய்கிறவர்கள் ஒரே சுரத்துக்கு இரண்டு நாக்கு பொருத்தி, ஒன்றை வேண்டுமென்றே சற்று விலக்கிவைப்பது இந்தச் செழிப்பைப் பெறத்தான். அதனால், ‘எனக்குச் சுருதி நிற்காது’ என்று பின்வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாமாவும் தாராளமாகப் பாடலாம். முற்றிலும் வேறு பாட்டைப் பாடாதவரை அவர் குரலும் தேவைப்படுகிறது.

சேர்ந்து பாடும்போது உடம்புக்குள் நடப்பதையும் அளந்திருக்கிறார்கள். சுவீடனின் கோதன்பர்க்கில் பியர்ன் விக்ஹாஃப் குழுவினர் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பதினைந்து பேருக்கு இதயத் துடிப்பு மானியைக் கட்டிவிட்டு, முதலில் முனகச் சொன்னார்கள். பிறகு ஒரு தேவாலயப் பாடலைப் பாடவைத்தார்கள். கடைசியாக ஒரு மந்திரத்தை மெதுவாகப் பாடவைத்தார்கள். முடிவு 2013இல் வெளிவந்தது. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று விரையும், விடும்போது தணியும். பாட்டு, எல்லோரையும் ஒரே இடத்தில் மூச்செடுக்க வைக்கிறது. அதனால் துடிப்பின் ஏற்ற இறக்கங்களும் ஒன்றாக நகர்கின்றன. வரி நீண்டு, மூச்சு ஒழுங்காகிவிட்டால் இது இன்னும் தெளிவாகிறது. தேவாலயப் பாடலும் மந்திரமும் ஒரே சோதனையில் அருகருகே இடம்பெற்றதை, ஒரு லயத்தில் பஜனையும் அடுத்த லயத்தில் ஜெபமும் கேட்டு வளர்ந்தவர்கள் ரசிப்பார்கள். எய்லூனெட் பியர்ஸும் ராபின் டன்பாரும் 2015இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு இங்கிலாந்தின் முதியோர் கல்வி வகுப்புகளை ஏழு மாதம் தொடர்ந்து கவனித்தது. பாட்டு வகுப்பில் சேர்ந்த அந்நியர்கள், கைவினை வகுப்பிலும் எழுத்து வகுப்பிலும் சேர்ந்தவர்களைவிட வேகமாக நெருங்கிவிட்டார்கள். ஏழு மாத முடிவில் மற்ற வகுப்பினரும் அதே நெருக்கத்தை எட்டியிருந்தார்கள். பாட்டு தந்தது முன்னதாகக் கிடைத்த நெருக்கம் மட்டுமே. ஆய்வு சொன்னது இவ்வளவுதான், இதற்குமேல் பாட்டுக்கு மகிமை ஏற்ற வேண்டியதில்லை.

தோட்டத்து ஆட்கள் நன்கு அறிந்த இன்னொரு வியப்பு, பகலில் கேட்காத பக்கத்துத் தோட்டத்து மேளம் இரவில் கேட்பது. பகலில் தரை சூடு, மேலே காற்று குளிர்ச்சி. வெப்பம் ஒரு பாகை ஏறினால் ஒலியின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர் கூடும். எனவே பகலில் அலையின் அடிப்பகுதி முந்திக்கொண்டு ஓட, அலை வானத்தை நோக்கி வளைந்து தலைக்குமேல் போய்விடுகிறது. தெளிந்த, காற்றில்லாத இரவில் தரை சூட்டை இழந்து குளிரும். அப்போது மேல்பகுதி முந்தும், அலை தரையை நோக்கி வளைந்து இறங்கும். ஜால்ராவின் கூர்மையான ஒலியை இலைகளும் காற்றும் வழியிலேயே விழுங்கிவிடுவதால், வந்து சேர்வது மேளத்தின் அடிநாதம் மட்டும்தான்.

இப்போது தோட்டத்துப் பிள்ளைகள் சிரம்பான் தாமான் குடியிருப்புகளிலும் கோலாலம்பூர் அடுக்ககங்களிலும் இருக்கிறார்கள், பாட்டு கைப்பேசியில் பயணிக்கிறது. அம்மா பாடும் தாலாட்டை அழைப்பில் கேட்டுக்கொண்டே பதிந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது. ஆண்குரலின் அடிநாதமே அதற்குக் கீழே இருக்கிறது. மேற்சுரங்களை வைத்து மூளை அதை நிரப்பிக்கொண்டதால்தான் குரல் குரலாகக் கேட்டது. இன்றைய அழைப்புச் செயலிகள் கடத்தும் எல்லை கூடியிருக்கிறது, ஆனால் அவை பேச்சை மட்டும் தேடுகின்றன. ஆர்மோனியத்தின் நீண்ட நாதத்தையும் தப்பின் அடியையும் இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். அழைப்பைத் துண்டித்துவிட்டு, அங்கே இருப்பவரிடம் கைப்பேசியின் பதிவுச் செயலியைத் திறக்கச் சொல்லுங்கள். தப்புக்கு எட்டவும் பாடுகிறவருக்குக் கிட்டவும், கீழே மடித்த துணியொன்றை விரித்து வைத்தால் போதும். பதிந்ததைக் குரல்குறிப்பாக அனுப்பாமல் ஆவணக் கோப்பாக அனுப்பினால் மறுபடி சுருக்கப்படாது. பாட்டுக்கு முன்னால், பாடுகிறவர் தம் பெயரையும் எந்தத் தோட்டம் என்பதையும் யாரிடம் கற்றது என்பதையும் தாமே சொல்லட்டும். கோப்புக்கு நீங்கள் வைக்கும் பெயர் நாலு கை மாறுவதற்குள் தொலைந்துவிடும்.