உடுவிலின் செவிலித்தாய்

பாலாற்றங்கரையில், காஞ்சிபுரத்தை அடுத்துள்ள செவிலிமேடு என்னும் ஊரின் பெயர் எவ்வாறு எழுந்தது என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும் அப்பெயரைக் கேட்குந்தோறும் அகப்பாடல்களில் வரும் செவிலித்தாய் நம் நினைவுக்கு வருகிறாள். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தலைவி தன் தலைவனுடன் புறப்பட்டுப் போய்விட்டால், வெயிலையும் பொருட்படுத்தாது பாலைவழியே அவளைத் தேடிச் செல்பவள் செவிலியே. பெறாத பிள்ளைக்காக இவ்வாறு அலையும் ஒருத்தியைத் தமிழ் மரபு தாய் என்றே அழைத்தது. யாழ்ப்பாணத்து உடுவில் பெண்கள் பாடசாலையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உழைத்த எலைசா அக்னியூ அம்மையாரை 'ஆயிரம் குமாரத்திகளின் தாய்' என்று மிஷன் நூல்கள் புகழ்கின்றன. அப்புகழுரையின் உட்பொருளை நாம் சற்று நிதானித்து நோக்க வேண்டும்.

அம்மையார் 1807இல் நியூயார்க் நகரில் பிறந்தார். எட்டு வயதில், பள்ளியில் பூகோளப் பாடம் நடந்துகொண்டிருந்த வேளையில், தூரதேசங்களுக்கு நற்செய்தி கொண்டுசெல்ல வேண்டும் என்று தீர்மானித்தார் என்பர். அத்தீர்மானம் நிறைவேற இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. காரணம் மிக எளிது: பெற்றோரைப் பேணும் கடமை அவர்மேல் இருந்தது. அவர்கள் காலமான பின்னரே, 1839இல், அமெரிக்கன் போர்டு என்னும் மிஷன் சங்கத்தின் சார்பில் கப்பலேறி, 1840இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவரது வாழ்க்கையைச் சொல்லும் பலர் இந்த இருபது ஆண்டுகளை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகின்றனர். நமக்கோ அவை ஊழியத்திற்கு முன் கழிந்த வெறும் காத்திருப்பாகத் தோன்றவில்லை. கொர்பான் என்று சொல்லித் தாய் தந்தையரைக் கைவிட்டவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டதை மாற்கு 7ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அழைப்பைப் பெற்ற மகள் அந்தக் குற்றத்திற்கு ஆளாகவில்லை.

அவர் விட்டுவந்த நாட்டில் அக்காலத்து இளம் ஆசிரியையின் அன்றாட வாழ்வு எப்படி இருந்தது? மேரி லயன் என்பவரின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 1797இல் மாசசூசெட்ஸ் மாகாணத்து மலைப்பாங்கான பண்ணை ஒன்றில் பிறந்த அவர், ஐந்து வயதில் தந்தையை இழந்தார். தாய் மறுமணம் செய்துகொண்டு சென்றபின், அண்ணனுக்கு வீடு பராமரித்துக் கொடுத்தார். நூற்கவும் நெய்யவும் தேர்ந்தவர். 1814இல், பதினேழு வயதில், கோடைக்காலப் பள்ளியொன்றில் ஆசிரியையானார். சம்பளம் வாரத்திற்கு 75 சென்ட். உணவும் இருப்பிடமும் ஊரார் பொறுப்பு. அதாவது, பிள்ளைகளின் வீடுகளில் முறைவைத்துத் தங்க வேண்டும். சில நாள் ஒரு வீடு, சில நாள் அடுத்த வீடு. எந்த வீட்டிலும் தமக்கென்று ஒரு மூலை இராது. பகலெல்லாம் ஒரே அறையில் சிறியோர் பெரியோர் அனைவரையும் வைத்துப் பாடம் நடத்திவிட்டு, மாலையில் அதே பிள்ளைகளின் பெற்றோர் முன்னிலையில் உண்ண வேண்டும். ஆசிரியையின் ஊதியம் பல இடங்களில் ஆடவர் ஊதியத்தில் பாதியளவே. அவள் எப்படியும் திருமணமாகிப் போய்விடுவாள், அதுவரை தந்தையோ அண்ணனோ பார்த்துக்கொள்வார் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். குடும்பத்தைக் காரணங்காட்டியே கூலி குறைக்கப்பட்டது! இந்த மேரி லயன்தான் 1837இல் மவுன்ட் ஹோலியோக் பெண்கள் கல்விச்சாலையை நிறுவி, அங்கிருந்து பல நாடுகளுக்கும் ஆசிரியைகள் செல்ல வழி திறந்தவர்.

அக்னியூ அம்மையார் வந்து சேர்ந்த உடுவில் பாடசாலை 1824இல் ஹாரியட் வின்ஸ்லோ அம்மையாரால் தொடங்கப்பட்டது. தமிழ்-ஆங்கில அகராதியால் நாமறிந்த மைரன் வின்ஸ்லோ ஐயரின் துணைவியார் அவர். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊரார் கேட்ட காலம் அது. மிஷன் வீட்டருகே விளையாடிக்கொண்டிருந்த இரு சிறுமியர் ஒருநாள் கடும் மழையில் வீடு திரும்ப முடியாமல் அங்கேயே இரவைக் கழித்தனர். அம்மையார் கொடுத்த உணவை இளையவள் உண்டாள், மூத்தவள் மறுத்தாள். விடுதிப்பள்ளி அவ்விரவில் முளைத்தது என்று ஒரு கதை வழங்குகிறது. அந்நியர் வீட்டுச் சோற்றில் கைவைப்பதா என்ற தயக்கம் ஒரு சிறுமியின் மனத்திலும் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை அக்கதை காட்டுகிறது.

பிறர் மக்களை வளர்த்த அவ்வம்மையார் தம் மகன் சார்ல்ஸைக் கல்விக்காக அமெரிக்காவுக்கு அனுப்பினார். அச்சிறுவன் 1832இல் அங்கே இறந்தான். அக்காலத்துக் கடிதங்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிவரும் கப்பல்களில் பல மாதங்கள் பயணம் செய்தன என்பதை இங்கே மறக்கலாகாது. தாயும் 1833 ஜனவரியில் உடுவிலில் காலமானார். அவருடைய தங்கையர் மூவர் அவரைப் பின்பற்றி இதே மிஷனுக்கு வந்தனர். குடும்பப் பாசம் ஊழியத்திற்குத் தடை என்று பொதுவாகச் சொல்லிவிடுவது எளிது. இந்தக் குடும்பத்தில் பாசமே ஊழியத்திற்கு வழியாயிற்று.

இனி, நாம் தயக்கத்தோடு எழுத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மகள் படிப்பை முடிக்கும்வரை அவளைத் திரும்ப அழைத்துக்கொள்வதில்லை என்று பெற்றோரிடம் உடன்படிக்கை பெறப்பட்டது. படிப்பை முடித்த பெண்ணின் திருமணத்திற்கு மிஷன் ஒரு சிறு தொகையைச் சீதனமாக அளித்தது. அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பிய கொடையாளர்களின் பெயர்கள் தமிழ்ச் சிறுமியருக்குச் சூட்டப்பட்டன. சீதன வழக்கம் பின்னாளில் நின்றது. எனினும் வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற வாலிபருக்கு ஏற்ற துணைவியர் வேண்டும் என்பது இப்பள்ளியின் வெளிப்படையான நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. அக்காலச் சூழலை எடுத்துரைத்து இதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆயினும் பெற்றோர் இட்ட பெயரை நீக்கி, கண்ணால் காணாத ஒருவரின் பெயரைப் பிள்ளைக்கு இடுவது செவிலியின் செயலாக நமக்குத் தோன்றவில்லை. நற்றாயின் உரிமையைச் செவிலி பறிப்பதில்லை.

அக்னியூ அம்மையாரின் தனிச்சிறப்பு இவ்விடத்தில்தான் விளங்குகிறது. வேதபாடம், தமிழ் வாசிப்பு, எழுத்து, கணக்கு, பூகோளம், தையல் என்று பள்ளிநாள் கழியும். விடுமுறை வந்ததும் அவர் ஓய்வை நாடிச் செல்லவில்லை. ஊர் ஊராகச் சென்று பழைய மாணவியரின் வீடுகளுக்குள் நுழைந்தார். மாமியார் வீட்டில் அவள் எப்படி இருக்கிறாள், வேதம் வாசிக்கிறாளா, பிள்ளை பிறந்ததா என்று விசாரித்தார். பிறகு அந்தப் பிள்ளை பள்ளிக்கு வந்தது. அதன் பிள்ளையும் வந்தது. மூன்று தலைமுறையினர் அவரிடம் பயின்றனர். தாயகத்துக்கு ஒருமுறை போய்வரலாமே என்று கேட்டவர்களுக்கு, தமக்கு நேரமில்லை என்றே விடையளித்தாராம். 43 ஆண்டுகளில் அவர் ஒருமுறையேனும் அமெரிக்கா திரும்பவில்லை.

மணமாகாதவள் கர்த்தருக்குரியவைகளைக் குறித்துக் கவலைப்படுகிறாள் என்னும் பவுலின் கருத்தை இத்தகைய வாழ்வுக்குப் பொருத்திப் பிரசங்கிப்பது நம் வழக்கம். அப்பிரசங்கத்தை இன்று கேட்பவர்கள் யார் என்பதையும் நாம் எண்ண வேண்டும். கோர்வைப் பட்டுப் புடவை நெய்வதற்கு, மறுபுறத்து நாடாவை எறியத் தறியருகே இன்னொரு கை வேண்டும். நெசவாளர் வீடுகளில் நெடுங்காலம் அந்தக் கை பிள்ளையின் கையாகவே இருந்தது. அத்தகைய வீட்டிலிருந்து முதன்முதலாகப் படித்து, தனியார் பள்ளியொன்றில் குறைந்த சம்பளத்திற்குச் சேரும் இளம் ஆசிரியை, மாதப் பணத்தைத் தந்தையின் கடனுக்கும் தம்பியின் படிப்புக்கும் கொடுத்துவிடுகிறாள். காலையில் வீட்டுவேலை, பகலில் பள்ளி, ஞாயிற்றுக்கிழமையில் ஓய்வுநாள் பள்ளி. அவளிடம் அக்னியூ அம்மையாரின் தியாகத்தை மட்டும் எடுத்துச்சொல்லி, சம்பளத்தைப் பற்றிப் பேசாதிருக்கச் சொல்லும் சபை, மேரி லயனுக்கு 75 சென்ட் கொடுத்த ஊராரினும் மேலானதன்று. அவர்களாவது அவளுக்குச் சோறு போட்டார்கள். பெற்றோருக்காக இருபது ஆண்டு காத்திருந்த அக்னியூவையும் அந்த இளம்பெண்ணிடம் சொல்ல வேண்டும். அவள் வீட்டிற்குக் கொடுக்கும் பணம் ஊழியத்திலிருந்து கழிந்த பணமன்று.

அம்மையார் 1879இல் பணியிலிருந்து ஓய்வுபெற்று மானிப்பாய்க்குச் சென்றார். அமெரிக்காவின் வெர்மான்ட் மாகாணத்திலிருந்து மிஷன் பணிக்கு வந்த மேரி, மார்கரெட் லீச் என்னும் சகோதரியர் இருவரின் இல்லத்தில் அவரது இறுதிக்காலம் கழிந்தது. தம் பெற்றோரை முடிவுவரை பேணிய அவரை, முதுமையில் அவ்விரு பெண்களும் பேணினர். 1883இல் அங்கேயே அவர் உயிர்நீத்தார். உடுவிலில் அவர் விட்டுச்சென்ற பள்ளி இன்றும் பெண்கள் கல்லூரி என்னும் பெயரோடு நடைபெறுகிறது.