கட்டற்ற மென்பொருளுக்கு உரை செய்வோர்

நூல் செய்தல் ஒருவர் பணி. அந்நூலுக்கு உரை செய்தல் பெரும்பாலும் பிறிதொருவர் பணி. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணரும் திருக்குறளுக்குப் பரிமேலழகரும் உரை கண்டிலராயின், அந்நூல்களின் பொருள் நம் மாணவர்க்கு இத்துணை எளிதில் எட்டியிராது. இந்நாளிற் கணினியில் இயங்கும் மென்பொருள்களுக்கும் அவ்வாறே உரை வேண்டப்படுகின்றது. அவ்வுரை உதவிக் கட்டுரை எனப்படும். அதனைத் திருத்தியும் புதுக்கியும் தமிழாக்கியும் தரும் தொண்டு, நிரல் எழுத அறியாத ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பெரிதும் உரியது என்பதே ஈண்டு விளக்கப் புகுந்த பொருளாகும்.

கட்டற்ற மென்பொருள் என்பது யாவரும் பயன்படுத்தவும், அதன் அமைப்பை ஆராயவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை தருவது. அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983ஆம் ஆண்டில் இவ்வியக்கத்தைத் தொடக்கினார். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். மென்பொருளைத் திருத்த உரிமையிருந்தும் அதன் கைந்நூலைத் திருத்த உரிமையில்லையேல் பயன் குன்றும் என்று கண்ட ஸ்டோல்மன் குழுவினர், கைந்நூல்களுக்கென்றே தனி உரிமம் ஒன்றை 2000ஆம் ஆண்டில் வகுத்தனர். நம் நாடும் இத்துறையிற் பின்னிற்கவில்லை. 2004ஆம் ஆண்டு மார்கழியில் ஆழிப்பேரலை அழிவு செய்தபோது, இலங்கைக் கணினி வல்லுநர் தொண்டர்களாய்க் கூடி இயற்றிய சகானா என்னும் கட்டற்ற மென்பொருள், அடுத்த ஆண்டு பாகிஸ்தானில் நேர்ந்த நிலநடுக்கத்தின்போதும் உதவிற்று.

இனி, நம் சூழலை நோக்குவோம். கண்டி நகரிலும், கம்பளை, புசல்லாவை, தெல்தோட்டை முதலிய அயலூர்களிலும் தமிழ் மொழி மூலம் பயிலும் மாணவர் பலர், க. பொ. த. சாதாரண தரத்திலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைத் தமிழிற் கற்கின்றனர். சொற்செயலியும் விரிதாளும் அடங்கிய லிப்ரே ஓபிஸ் அவர்களுக்கு விலையின்றிக் கிடைக்கின்றது. அதன் தெரிவுப் பட்டியல்களைத் தமிழிலும் அமைத்துக்கொள்ளலாம். ஆயின் ஐயம் ஒன்று தோன்றி உதவியை நாடினால், அங்கே விரிவது பெரும்பாலும் ஆங்கிலமே. வீட்டில் வினவுதற்கு ஒருவரும் இல்லாத தோட்டப்புறச் சிறுவனுக்கு, அம்மென்பொருள் கைக்கு வந்தும் பயன்படாப் பொருளாகிவிடுகின்றது. விலையின்மை வேறு, தடையின்மை வேறு என்பதனை நாம் உணர்தல் வேண்டும்.

ஆங்கிலத்திலுள்ள கட்டுரைகளும் குற்றமற்றவை அல்ல. லிப்ரே ஓபிஸ் ஆண்டுக்கு இருமுறை புதுப்பதிப்புப் பெறுகின்றது. பதிப்பு மாறுந்தோறும் பொத்தான் ஒன்று இடம் பெயரலாம். பெயர் ஒன்று திரியலாம். கட்டுரையோ பழைய நிலையிலேயே நின்றுவிடும். மேலும், நிரல் இயற்றியவர்க்கு எல்லாம் தெளிவாயிருத்தலின், கற்போர் எவ்விடத்தில் இடறுவர் என்பது அவர்க்குப் புலப்படுவதில்லை.

நன்னூலார் வகுத்த பத்துக் குற்றங்களுட் சில இங்கே நமக்கு நல்ல அளவுகோலாகும். கோப்பினைச் சேமிக்கச் சொல்லி, எங்கே சேமிப்பது என்று கூறாது விடுவது குன்றக்கூறல். செய்முறையை நாடி வந்தவனுக்கு மென்பொருளின் வரலாற்றை முதற்கண் விரிப்பது மிகைபடக்கூறல். திரையிலே ‘கோப்புறை’ என்றிருக்கக் கட்டுரையில் ‘அடைவு’ என்றெழுதுவது மயங்கவைத்தல். சொல் எத்துணைத் தூயதாயினும், திரையிற் காணப்படாத சொல் கற்போனுக்கு வழிகாட்டாது.

தமிழில் உள்ள கட்டுரையே இடர் செய்வதும் உண்டு. தமிழ்நாட்டு அரசு 1999ஆம் ஆண்டில் ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையில் மெய்க்குரிய விசையையும் உயிருக்குரிய விசையையும் அடுத்தடுத்துத் தட்ட உயிர்மெய் பிறக்கும். நம் நாட்டிற் பலர் பழகியதோ தட்டச்சுப்பொறி வழிவந்த ரெங்கநாதன் விசைப்பலகை. முன்னதற்கென எழுதிய குறிப்பைப் பின்னதில் தட்டுவோன் வேறெழுத்தைக் கண்டு திகைப்பான். குறிப்பு பிழையன்று, எவ்விசைப்பலகைக்குரியது என்று கூறாமையே பிழை. அதனைச் சேர்க்க ஒரு வரி போதும். அவ்வொரு வரியை எழுதவல்லவர் இந்நாட்டிற் பயின்ற ஒருவரேயாவர்.

இத்தொண்டின் முறை அரியதன்று. பயர்பொக்ஸ் உலாவியை வழங்கும் மொசில்லாவின் உதவித் தளத்தில், கணக்கு ஒன்று பதிந்த எவரும் கட்டுரையைத் திருத்தலாம். திருத்தம் உடனே வெளிவராது. அனுபவமிக்கோர் பார்வையிட்டு ஏற்ற பின்னரே வெளிவரும். ஆதலின் புதியவர் அஞ்சவேண்டியதில்லை. தமிழாக்குவோர்க்கும் ஆங்கே இடமுண்டு. லிப்ரே ஓபிஸின் கைந்நூல்களும் தொண்டர் குழுவினராலேயே ஆக்கப்படுகின்றன.

பாடசாலையில் இதனைப் பயிற்சியாகவே நடத்தலாம். மாணவர் இருவருள் ஒருவர் கட்டுரையைப் படிக்க, மற்றவர் அதன்படியே கணினியில் இயற்றுக. இயற்றுவோர் கை எங்கே தயங்கி நிற்கின்றதோ, அங்கேதான் திருத்தம் வேண்டும். அதனைக் குறித்து, ஒரு படிக்கு ஒரு செயலாகச் சிறு வாக்கியங்களில் எழுதி, மீண்டும் சோதித்து அனுப்புக. இதனால் மென்பொருளறிவோடு தெளிந்த உரைநடைப் பயிற்சியும் உடன் விளையும்.

இக்காலத்தில் இயந்திரமே மொழிபெயர்க்கின்றதே, மனிதர் முயற்சி எதற்கு என்று சிலர் வினவலாம். இயந்திரம் வாக்கியத்தைத் தமிழாக்கித் தரும். ஆயின் கட்டுரை கூறும் பொத்தான் நம் திரையில் உளதா, மூலமே பழுதுற்றதா என்பவற்றைப் பயன்படுத்திப் பார்த்தவரன்றோ உறுதி கூறவேண்டும்? இயந்திரம் தந்ததைச் சோதித்துச் செப்பஞ்செய்வதும் இத்தொண்டின் ஒரு கூறேயாகும்.

2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், 2005ஆம் ஆண்டில் ஈழத்து நூல்களை மின்வடிவாக்கத் தொடங்கிய நூலகம் திட்டமும் பலர் சிறிது சிறிதாய் ஈந்த உழைப்பால் வளர்ந்தவை. உதவிக் கட்டுரைத் துறையிலும் அத்தகைய கைகள் வேண்டப்படுகின்றன. கல்லூரி மாணவரும் பழைய மாணவரும் விடுமுறைக்கு ஒரு கட்டுரை என மேற்கொள்வாராயின், சில ஆண்டுகளில் நம் பாடசாலைகளுக்கு வேண்டிய அடிப்படைக் குறிப்புகள் தமிழில் நிறைந்துவிடும். அவற்றைப் படித்துத் தானே ஒரு கடிதம் தட்டச்சிடும் சிறுவன், எழுதியவர் பெயரை அறியமாட்டான். அறியாவிடினும் அவன் கற்றுக்கொள்வான். நாம் வேண்டுவதும் அதுவே.