மடியின் வளர்ச்சியும் நுண் ஆர்.என்.ஏ.க்களும்

மைசூரு நகரின் மண்டி மொஹல்லா முதலிய பழைய பேட்டைகளில் இன்று விலையாகும் பாலில் பெரும்பகுதி கலப்பினப் பசுக்கள் தருவது. அந்நாட்டுக்கே உரிய ஹள்ளிகார், அமிர்த மஹால் ஆகிய இனங்களோ வேலைமாடுகள் என்றே பெயர் பெற்றவை. இதில் ஒரு விந்தை உண்டு. அமிர்த மஹால் மந்தை 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சிக்க தேவராஜ உடையார் காலத்தில், 'பெண்ணெ சாவடி' (வெண்ணெய்ச் சாவடி) என்னும் பெயரோடு அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் அளித்து வந்தது. பின்னர்ப் படைத் தளவாடங்களை விரைந்து இழுக்கும் எருதுகளே வேண்டப்பட்டமையால் இனத்தேர்வு அத்திசையிற் சென்றது.

பால் மிகுதலும் குறைதலும் பல நூறு மரபணுக்களைச் சார்ந்தவை. எனினும் மரபணு இருந்தால் மட்டும் போதாது. அது உரிய காலத்தில் உரிய அளவில் செயற்படவும் வேண்டும். கொம்பின் அடியிலுள்ள உயிரணுவிலும் மடியிலுள்ள உயிரணுவிலும் இருக்கும் மரபணுக்கள் ஒன்றே என்பதை எண்ணினால் இது விளங்கும்.

அலுவலகத்தில் மூலப் பத்திரம் ஆவண அறையை விட்டு வெளியேறுவதில்லை. நகலே வேலை நடக்கும் இடத்திற்குச் செல்கிறது. மரபணுவின் நகலான தூது ஆர்.என்.ஏ.யும் அவ்வாறே உட்கருவினின்று வெளியே சென்று, புரதம் உண்டாகும் இடத்தை அடைகிறது. ஏறத்தாழ 22 எழுத்துகளே கொண்ட நுண் ஆர்.என்.ஏ. தனக்குப் பொருந்தும் பகுதியுள்ள நகலைப் பற்றிக்கொண்டு, அதனைச் சிதையச் செய்கிறது. அல்லது புரத உற்பத்தியைத் தடுக்கிறது. ஒரு நுண் ஆர்.என்.ஏ. பல நகல்களை அடக்கவல்லது. 1 மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவொன்றில் இதனை விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகியோர் கண்டு 1993இல் வெளியிட்டனர். 2024இல் நோபெல் பரிசு பெற்றனர்.

மடியைப் பற்றிய ஓர் ஆய்வு சுண்டெலியில் நடந்தது. 212, 132 என எண்ணிடப்பட்ட இரு நுண் ஆர்.என்.ஏ.க்களை நீக்கியபோது, பருவமெய்துங் காலத்தில் பால்நாளங்கள் கிளைத்து வளரவில்லை என்று 2010இல் அவ்வாய்வு கூறியது. குறை நாளத்தின் உயிரணுக்களில் இல்லை; அவற்றைச் சூழ்ந்த இணைப்பு இழையத்திலேயே இருந்தது என்பது அவ்வாய்வாளர் கருத்து. பயிர் வாடினால் விதையை மட்டுமன்றி நிலத்தையும் பார்க்க வேண்டும் என்பது உழவர் அறிந்ததே. மாட்டைப் பொறுத்தவரை, 15ஏ என்னும் நுண் ஆர்.என்.ஏ. வளர்ச்சி ஹார்மோனின் ஏற்பியைக் குறைப்பதை, வளர்ப்புத் தட்டிலிருந்த மடி உயிரணுக்களில் 2012இல் கண்டனர். தட்டில் நிகழ்வது தொழுவத்தில் அப்படியே நிகழும் என்று கொள்ளலாகாது. சுண்டெலியின் மடியில் கொழுப்பு மிகுதி. பசுவின் மடியிலோ நாரிழையம் மிகுதி.

ஆகவே இவ்வறிவைக் கொண்டு நல்ல கிடேரியைப் பொறுக்கும் சோதனை எதனையும் களப்பணியாளர் இப்பொழுது எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் மடி எப்பொழுது அமைகிறது என்பது அவர்களுக்கு நேரே பயன்படும். காம்பும் அரும்பும் கருவிலேயே தோன்றுகின்றன. ஏறத்தாழ 3 மாதம் முதல் பருவமெய்தும் வரை கிடேரியின் பால்சுரப்பி, உடலின் ஏனைய பகுதிகளைவிட விரைந்து வளர்கிறது. பால்நுண்ணறைகள் பெருகுவது சினைக் காலத்தில். அதிலும் கடைசி மூன்று மாதங்களில். கறவை இல்லாத கிடேரிக்குத் தீவனம் வீண் எனக் கருதும் வீடுகளில் இம்மாதங்கள் வாளா கழிகின்றன. பாலூட்டும் காலத்தில் நிறைவாக ஊட்டிய கன்றுகளில் சுரப்பி இழையம் மிகுந்து வளர்வதும், பாலை மறந்த பின் பருவமெய்துமுன் கொழுக்கத் தீவனமிட்ட கிடேரிகளில் அது குறைவதும் மேல்நாட்டு ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளன.