108-ல் வேலை, ஆன்லைனில் டிகிரி: எதைப் படிக்கலாம்?

108 ஆம்புலன்ஸில் இ.எம்.டி.யாக 12 மணி நேர ஷிஃப்ட். நைட் டியூட்டி முடிச்சு ரெகுலர் காலேஜ் போக முடியாது. அப்போ ஆன்லைன் டிகிரிதானே வழி?

வழிதான். ஆனால் பாராமெடிக்கல், நர்சிங், பிசியோதெரபி படிப்புகளை ஆன்லைனிலோ தொலைநிலையிலோ நடத்த யு.ஜி.சி. அனுமதிப்பதில்லை. 2025 ஜூலை சேர்க்கையிலிருந்து உளவியல், ஊட்டச்சத்துக்கும் தடை. 'ஆன்லைன் பி.எஸ்சி. எமர்ஜென்சி கேர்' என்று யாராவது போன் செய்தால் தாராளமா கட் பண்ணிடலாம்.

மிச்சம் பி.ஏ., பி.காம்., பி.பி.ஏ. போன்றவை. அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பட்டம் ரெகுலருக்குச் சமம். டிகிரி கேட்கும் அரசுத் தேர்வுகள் எழுதலாம், மருத்துவமனை நிர்வாகப் பக்கம் நகரலாம். ஆம்புலன்ஸ் வேலையிலேயே மேலே போகணும்னா நேரடி வகுப்பும் வார்டு பயிற்சியும்தான்.

பணம் கட்டும் முன் யு.ஜி.சி.யின் 'டெப்' இணையதளத்தைப் பாருங்க. பல்கலைக்கழகம் மட்டுமல்ல, அந்தப் படிப்பும் பட்டியலில் இருக்கணும். தேர்வுத் தேதியையும் இப்பவே கேளுங்க, ஷிஃப்ட் மாத்தணுமே!