உங்களுக்குத் தெரியுமா? நெல்லை காந்திமதிக்கு ஒரு ஹேமவதி
சென்னைக் கோட்டை பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த ஐரோப்பிய மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத வரிகள் கட்டியவர் முத்துசுவாமி தீட்சிதர். அந்த ‘நோட்டுஸ்வர’ங்களில் ஒன்றின் மெட்டு, பிரிட்டனின் தேசிய கீதம்!

பின்னாளில் தம்பி சின்னசுவாமி மதுரையில் இறந்துபோக, துக்கம் தாளாமல் ஊர் ஊராகப் போன இன்னொரு தம்பி பாலுசுவாமி எட்டயபுரம் அரண்மனையில் ஒதுங்கினார். கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்தவர் என்று பேர்பெற்றவர் இவர்தான். அவரைத் தேடியே தீட்சிதரும் அங்கே வந்தார் என்பது குடும்பத்தார் சொல்லிவந்த செய்தி. (வழியில் அமிர்தவர்ஷினி ராகம் பாடி மழை வரவழைத்த கதையை நம்புவது, கரிசல்காட்டு வெயிலைப் பார்த்தவர்கள் பாடு.)

நெல்லை காந்திமதியம்மன் மீது முத்துசுவாமி தீட்சிதர் ஹேமவதி ராகத்தில் செய்த கீர்த்தனையில் தாமிரபரணிக் கரையும் வருகிறது. 1835 தீபாவளியன்று எட்டயபுரத்தில் காலமானார். சமாதியும் அங்கேதான்.